வலப்பக்கம் நின்றவர்கள்

வெண்டெலா லிண்ட்வாலுக்கு இருபத்தொன்பது வயதுவரை தெரிந்த ஒரே பயம், தோற்றுப்போய்விடுவோமோ என்பதுதான். அது ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. பசி மாதிரி வரும், சாப்பிட்டால் போய்விடும்.

சொந்த ஊரான வார்பெரியில், கடற்காற்று ஓயாத கோல்ஃப் மைதானத்தில், அண்ணன் கழித்துப்போட்ட மட்டைகளால் அடித்துப் பழகியவள் அவள். இருபத்தொரு வயதில் போர்ச்சுகலில் முதல் கோப்பை. இருபத்துமூன்றில் அமெரிக்கா போனாள். இரண்டு வருடம் அங்கே பெரிய ஆட்டக்காரிகளோடு சரிசமமாக ஆடினாள். மூன்றாம் வருடம் இடது மணிக்கட்டில் விரிசல். கட்டு அவிழ்ப்பதற்குள் அங்கிருந்த இடம் பறிபோனது. அப்பா வீட்டுச் சோபாவில் ஒரு குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அடியிலிருந்து மறுபடி ஏறி, இருபத்தெட்டில் ஒரே கோடையில், பெரிய போட்டிகள் நடக்கும் ஐரோப்பியச் சுற்றில் இரண்டு கோப்பைகளைத் தூக்கினாள். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடக் கடையில் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

அதற்கடுத்த ஜூலையில்தான் அது நடந்தது.

கோதன்பர்க்குக்கு வெளியே ஒரு போட்டி. மூன்றாம் நாள், இரண்டாவது இடத்தில் இருந்தாள். பதினான்காவது குழிக்குப் போகும் புல்வெளியில் இடப்பக்கம் ஊசியிலை மரங்கள். வலப்பக்கம் கயிறு கட்டி, அதன் பின்னால் ஜனங்கள். அவளுடைய பந்து எப்போதுமே வலப்பக்கமாகக் கிளம்பி, போகப்போக இடப்பக்கம் வளைந்து நடுவில் வந்து விழும். அன்றும் வலப்பக்கமாகக் கிளம்பியது. வளையவில்லை.

பந்து தப்பினால் அடித்தவர் உடனே ‘ஃபோர்’ என்று கத்தவேண்டும். கேட்டவர்கள் தலையை மூடிக்கொண்டு குனிவார்கள். வெண்டெலா கத்தவில்லை. இப்போது வளையும், இதோ வளையும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை நொடி இருக்கும். கத்தியது, அவளுடைய பையைச் சுமந்து கூடவே நடக்கும் டோர்கெல்.

அடிபட்டவர் பெயர் ரூனே ஏக்வால். ஹால்ம்ஸ்டாட் நகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பத்தேழு வயது. விடுமுறையில் மனைவியோடு வந்து, போட்டிக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தார். ‘அமைதி’ என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிப்பது அவருடைய வேலை. பந்து வலது கண்ணில் பட்டது. ஈர மரக்கட்டையில் தட்டியது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவு தூரத்திலும் வெண்டெலாவுக்குக் கேட்டது. அந்தக் கண் போனது. ஒற்றைக் கண்ணோடு பேருந்து ஓட்ட விடமாட்டார்கள் என்பதால் வேலையும் போனது.

மருத்துவமனைக்கு டோர்கெல் பூங்கொத்தோடு உள்ளே போனான். வெண்டெலா கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவளால் கதவைத் திறக்க முடியவில்லை. மறுநாள் ஒரு கடிதம் அனுப்பினாள். மிகவும் வருந்துகிறேன், எதிர்பாராத விபத்து என்று எழுதியிருந்தாள். அந்த ஒன்றரை நொடியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதன்பிறகு வந்த பயம் வேறு சாதி.

மைதானத்தில் ஆளே இல்லாதபோது பெரிய மட்டையை எடுத்தால் பந்து இருநூற்று முப்பது மீட்டர் நேராகப் போகும். நூறு மீட்டர் தள்ளி ஒருவர் நாயோடு நடந்து போனால் போதும், மட்டையை மேலே தூக்கும்போது இடது கை விரல்கள் தாமாகவே பிரிந்துவிடும். அவள் சொல்லிப் பிரிவதில்லை. வேறு யாருடைய கையோ தோளில் வந்து ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். ஜனங்கள் நின்றால் அவர்களுடைய முகம் தெரியாது, கண்கள் மட்டும் தெரியும். எத்தனை பேர் என்று எண்ணுவாள். எண்ணி முடித்ததும், ஒரு கண்ணுக்கு ஒரு அடி என்று மனம் கணக்குப் போடும். வார்பெரி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் பக்கம் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

பெரிய மட்டையை விட்டுவிட்டுச் சின்ன மட்டைகளால் ஆடினாள். மற்றவர்கள் இரண்டு அடியில் போகும் தூரம் அவளுக்கு மூன்று அடி ஆனது. ஒரே வருடத்தில் ஐரோப்பியச் சுற்றில் இருந்த இடம் போனது. உள்நாட்டுச் சிறு போட்டிகளுக்கு இறங்கினாள். அங்கே பார்ப்பதற்கு ஆட்டக்காரிகளின் அம்மா அப்பாக்களும் இரண்டொரு நாய்களும்தான் வருவார்கள். அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

டோர்கெல் மட்டும் விட்டுப்போகவில்லை. முன்பு ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவன். முன்பல் இரண்டும் கட்டிய பல். ‘‘உன்னைவிட மோசமா ஆடுற டீம்ல பதினோரு வருஷம் இருந்தவன் நான். எனக்கு இதெல்லாம் சாதாரணம்’’ என்பான்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. முப்பத்திரண்டு வயதில், செப்டம்பர் முதல் வாரம், பால்கென்பெரிக்குத் தெற்கே ஸ்ட்ராண்ட்ஹெட் மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஐரோப்பியச் சுற்றுக்குத் திரும்பலாம். சின்ன மட்டையால் தள்ளித் தள்ளி ஆடியும், குழிக்கு அருகில் கை தவறவில்லை. இரண்டு நாள் முடிந்தபோது இரண்டாவது இடத்தில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் அவள் படம் வந்தது. அன்று கடைசி நாள், காலையிலேயே வெயில் அடித்தது. அவள் வண்டியை நிறுத்தும்போதே புல்லில் எழுபது எண்பது கார்கள் நின்றன.

‘‘டோர்கெல், இவங்கல்லாம் யாரு?’’

‘‘பணியாரத்துக்கு வந்தவங்க. இங்க ஏலக்காய்ப் பணியாரம் நல்லா இருக்குமாம்.’’

‘‘விளையாடாத.’’

‘‘நான் விளையாடல. நீதான் விளையாடணும்.’’

பயிற்சித் திடலுக்கு நடக்கும்போது அவரைப் பார்த்தாள். தொண்டர்களின் மஞ்சள் மேலங்கி. கையில் காப்பிக் கோப்பை. இடது கண் அவளைப் பார்த்தது. வலது கண் கொஞ்சம் தள்ளி வேறெங்கோ பார்த்தது, அது கண்ணாடி.

வெண்டெலாவின் கால்கள் நின்றுவிட்டன. ஓடவேண்டும் போல இருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று யோசித்தாள். அதற்குள் அவரே வந்துவிட்டார்.

‘‘நான் ரூனே.’’

‘‘தெரியும். நீங்க... உங்களுக்கு...’’

‘‘என்ன எனக்குப் போய் நீங்க, உங்களுக்குங்கற? நான் என்ன ராஜாவா? நீன்னு சொல்லு.’’

ரூனே காப்பியை ஒரு வாய் குடித்தார்.

‘‘உன்ன ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். நீ கடைசி இடத்துல வர்ற ஒவ்வொரு தடவையும் பேப்பர்காரங்க எனக்குப் போன் பண்றாங்க. ‘வெண்டெலா இப்படி ஆயிட்டாளே, நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு. மூணு வருஷமா. நான் என்னத்த நினைக்கிறது? இப்ப நான் பள்ளிக்கூடத்துல சமையல்கட்டுல இருக்கேன். முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு வேகுற நேரத்துல உன்னப் பத்தி நினைக்கணுமா?’’

‘‘மன்னிச்சிரு.’’

‘‘அதுக்கு ஒரு வழி பண்ணு. நல்லா ஆடு, இல்ல ஆடறத விடு. ரெண்டுல ஒண்ணு. என் பேரு அதுல இருக்கக் கூடாது.’’

அவர் திரும்பப் போனார். போகவிட்டிருக்கலாம். ஏன் வாயைத் திறந்தாள் என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை. பயத்தில் சிலர் ஓடுவார்கள், சிலர் பயந்த பொருளின் மேலேயே போய் விழுவார்கள்.

‘‘நான் பார்த்தேன் ரூனே. பந்து உன் பக்கம் வர்றத. கத்தல. வளையும்னு நினைச்சு ஒரு நொடி... ஒரு நொடிக்கு மேலயே சும்மா நின்னேன். அப்பவே கத்தியிருந்தா நீ குனிஞ்சிருப்ப.’’

ரூனே மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். பக்கத்தில் யாரோ பந்து அடிக்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

‘‘அப்படியா’’ என்றார் கடைசியில். ‘‘அது நல்ல காரியம் இல்ல.’’

‘‘இல்ல.’’

‘‘எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல. காலைல சூப்புல கடுகு ஜாஸ்தியா இருந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நீ கத்தியிருந்தா குனிஞ்சிருப்பேனா, நிமிந்து பார்த்திருப்பேனா, யாருக்குத் தெரியும்? நான் கொஞ்சம் மந்தம்னு மைலிஸ் சொல்லுவா.’’ மைலிஸ் அவர் மனைவி. ‘‘மன்னிச்சுட்டேன்னு எல்லாம் எங்கிட்ட எதிர்பார்க்காத. இப்பத்தான சொல்ற. வீட்டுக்குப் போய் யோசிக்கணும்.’’

காலிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மஞ்சள் மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். வெண்டெலாவுக்கு இறங்கவில்லை. இதுவரை அது அவளுடைய பயமாக மட்டும் இருந்தது. இப்போது இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் ஆடினாள். எல்லா இடத்திலும் சின்ன மட்டை. பின்தங்கினாள், பிடித்தாள். பதினேழு குழிகள் முடிந்தபோது இன்னொருத்தியோடு மூன்றாவது இடத்தில் சமமாக நின்றாள். அந்தப் பெண் முன்பே பதினெட்டுக் குழியும் ஆடி முடித்துவிட்டாள். கடைசிக் குழிக்கு விதித்த கணக்கு நான்கு அடி; அதில் வெண்டெலா முடித்தால் அவளோடு மறு ஆட்டம் ஒன்று கிடைக்கும். ஐந்து ஆனால் ஒன்றும் இல்லை.

பதினெட்டாவது குழிக்கு நடுவில், நூற்றெண்பது மீட்டரில் குறுக்கே ஒரு சதுப்பு. சின்ன மட்டையால் அடித்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்தவேண்டும். பிறகு ஐந்துக்குக் குறையாது. பெரிய மட்டையால்தான் தாண்ட முடியும். சதுப்பைத் தாண்டியதும் புல்வெளி ஒடுங்கிப் போகும். அங்கே இரண்டு பக்கமும் கயிற்றை ஒட்டி இருநூறு பேர். வலப்பக்கம் நெருக்கமாக நின்றார்கள், அந்தப் பக்கம்தான் வெயில்.

அவள் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்திரண்டில் எண்ணிக்கை குழம்பியது. காற்று இருந்தும் முதுகில் சட்டை ஒட்டியது. இடது கையைப் பார்த்தாள். விரல்கள் இப்போதே பிரிந்து நின்றன, மட்டையைத் தொடுவதற்கு முன்பே.

டோர்கெல் சின்ன மட்டையை உருவி நீட்டினான். ‘‘இதை எடு. அஞ்சு வந்தா அஞ்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.’’

‘‘இரு. அவங்கள நகத்தணும்.’’

‘‘யார?’’

அவள் புல்வெளியில் நடக்கத் தொடங்கினாள். நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. சதுப்பின் மேல் போட்டிருந்த பலகைப் பாலத்தைக் கடந்து, வலப்பக்கக் கயிற்றருகே போய் நின்றாள்.

‘‘தயவுசெஞ்சு இருபது அடி பின்னால போங்க.’’

பியர் டப்பாவோடு நின்ற ஒருவர் சிரித்தார். ‘‘நாங்க எப்பவும் இங்கதான் நிப்போம்மா. பந்து இங்கெல்லாம் வராது.’’

‘‘நான் அடிச்சா வரும்.’’

‘‘அப்ப அடிக்கத் தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வா.’’

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூடிய இமைகளைப் பார்த்ததும் வெண்டெலாவின் குரல் உடைந்துபோனது. ‘‘அந்த வண்டியை மட்டுமாவது. தயவுசெஞ்சு.’’ அவள் கெஞ்சுவதைப் பார்த்து, தள்ளுவண்டிக்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. நகர்ந்தாள். மற்றவர்கள் நகரவில்லை.

பின்னால் நடுவர் பார்ப்ரோ வந்துகொண்டிருந்தாள், கையில் கடிகாரத்தோடு. ‘‘வெண்டெலா, நேரம் ஓடுது. கூட்டத்தைப் பாத்துக்க ஆள் இருக்காங்க. நீ போய் அடி.’’

‘‘இவங்க நகர்ந்ததும் அடிக்கிறேன்.’’

‘‘ஒரு அடி தண்டனை போடவேண்டி வரும். முதல்லயே சொல்லிட்டேன்.’’

அப்போதுதான் ரூனே கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பியர்க்காரர் முன்னால் போய் நின்று, கண்ணாடிக் கண்ணை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டிக் என்று கேட்டது.

‘‘பந்து வராதுன்னு நானும் நினைச்சேன்’’ என்றார். ‘‘இவ அடிச்சதுதான். வேணும்னா நில்லு, எனக்கென்ன.’’

பியர்க்காரர் ரூனேவையும் அந்தக் கண்ணையும் பார்த்தார். பிறகு பின்னால் போனார். அவர் போனதும் வரிசை முழுவதும் கலைந்து நகர்ந்தது. சிலர் மரங்களுக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். ரூனே நகரச் சொல்லிக்கொண்டே கயிற்றின் கடைசிவரை நடந்தார், பேருந்தில் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று சொல்லிப் பழகிய குரலில்.

வெண்டெலா திரும்பி வந்து சேர ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பார்ப்ரோ தன் தாளில் ஏதோ எழுதினாள். முகம் கொடுக்கவில்லை. ‘‘ஒரு அடி’’ என்றாள்.

இனி நான்கில் முடித்தாலும் ஐந்து. ஐரோப்பா போயிற்று என்பது வெண்டெலாவுக்கு அந்த நிமிடமே புரிந்தது. டோர்கெல் சின்ன மட்டையை இன்னும் கையில் வைத்திருந்தான். இப்போது எதை எடுத்தாலும் ஒன்றுதான். அவள் பெரிய மட்டையை எடுத்தாள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆள் இல்லாத புல்லில் கண்கள் அப்படியே நின்றன. மட்டையைத் தூக்கும்போது விரல்கள் பிரிய முயன்றன. கட்டைவிரலை நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். அடித்த கணத்திலேயே ‘ஃபோர்’ என்று கத்தினாள், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு முன்பே. மைதானம் முழுக்க ஜனங்கள் தலையை மூடிக்கொண்டு குனிந்தார்கள். பந்து நட்டநடுவே போய், சதுப்பைத் தாண்டி, புல்வெளியின் மத்தியில் விழுந்து உருண்டது.

ஜனங்கள் நிமிர்ந்தார்கள். பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்டார்: ‘‘இதுக்கா எங்களைத் துரத்தின?’’

எல்லாரும் சிரித்தார்கள். டோர்கெல்கூடச் சிரித்தான். வெண்டெலா சதுப்பின் ஓரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, மிச்சம் மூன்று அடியையும் ஆடி முடித்தாள். நான்கும் தண்டனை ஒன்றுமாக ஐந்து. நான்காவது இடம்.

ரூனேவைத் தேடினாள். அவரும் மைலிஸும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

திரும்பும் வழியில் வெண்டெலா காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். டோர்கெல் மடியில் தொத்திறைச்சி ரொட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. அவன் சாப்பிடாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

‘‘காலைல நீ அந்தாள்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு’’ என்றான்.

‘‘சொல்லணும்னு தோணிச்சு.’’

‘‘அன்னைக்கு அவர் முதுகக் காட்டிட்டு நின்னாரு. நான் கத்தினேன்ல, அதைக் கேட்டுத்தான் திரும்பினாரு. என் குரலுக்குத்தான் மூஞ்சியத் திருப்பினாரு வெண்டெலா. நான் சும்மா இருந்திருந்தா முதுகுல பட்டிருக்கும். ஒரு வாரம் வலிச்சிருக்கும்.’’

அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். ‘‘மூணு வருஷமா ஏன் சொல்லல?’’

‘‘பயம்தான்’’ என்றான். ‘‘நீ வேற ஆளப் பாத்துக்குவியோன்னு.’’

நீ செய்தது சரி என்று அவனிடம் சொல்லலாம். ஆட்ட விதிப்படி அது சரிதான். தன்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பயம் போயிருக்குமா என்று நினைத்துப் பார்த்தாள். ‘‘ரொட்டி ஆறிப்போகுது’’ என்று மட்டும் சொன்னாள். அவன் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு செய்தியாளரிடம் ஒன்றரை நொடியைப் பற்றி அவளே சொன்னாள். திட்டிக் கடிதங்கள் வந்தன. மட்டை செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இன்னும் ஒரு வருடம் உள்நாட்டுச் சிறு போட்டிகளிலேயே ஆடினாள். முப்பத்துநான்கில் ஐரோப்பியச் சுற்றில் இடம் கிடைத்தது. அங்கே ஆறு வருடம் இருந்தாள். ஒருமுறை ஐந்தாவதாக வந்தாள். கோப்பை எதுவும் பிறகு வரவில்லை. ரூனேவிடமிருந்து கடிதமோ போனோ வந்ததில்லை.

அந்தச் சுற்றுக்குத் திரும்பிப் போன முதல் போட்டி ஸ்பெயினில். வியாழக்கிழமை காலை, முதல் குழி, கயிற்றுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர். அவள் எண்ணினாள். டோர்கெல் பெரிய மட்டையை உருவிக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளி, நெஞ்சுக்கு முன்னால் பையை நிறுத்தி, கோல் காப்பவன் மாதிரி நின்றுகொண்டான்.